எழுபத்தைந்து போட்ட தட்டு

ஐம்பதாம் ஆண்டுக்குக் கட்டிய வளைவில்
பதினேழு பெயர்கள் இருந்தன.
மணல் லாரி ஒன்று பின்வாங்கியதில்
எட்டு சாக்கடைக்குள் போயின.
மிச்ச ஒன்பது பேருக்கும் கீழே
மஸ்தான் பஞ்சர் ஒட்டுகிறார்.

அதனால்தான் எழுபத்தைந்துக்கு
வசூல் நோட்டு என் கைக்கு வந்தபோது
வளைவு வேண்டாம் என்றேன்.
"அப்ப வேற என்ன?" என்றார் ருக்மாங்கதன்.
எனக்கும் தெரியவில்லை.

நகரியிலிருந்து பாத்திர வாடகை:
நாலு அண்டா, முந்நூறு தட்டு,
ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம்.
நெளிந்தால் அபராதம் தனி.
பந்தல், பட்டாசு, பேச்சாளருக்குப் பொன்னாடை
எல்லாவற்றையும் அடித்துக் கூட்டிப் பார்த்தேன்.
வாங்கியே விடலாம்.
பதினோராயிரம் இடித்தது,
மகளிர் குழுவில் கடன் எடுத்தேன்.
பொன்னாடையை அடித்ததற்கு
இரண்டு பேர் கமிட்டியை விட்டுப் போனார்கள்.

பெயர் வெட்டுகிறவன் மிஷினோடு வந்து உட்கார்ந்தான்.
எழுத்துக்கு ஒன்றரை ரூபாய்.
தமிழில், என்றது கீழத்தெரு.
தெலுங்கிலும், பாதிப் பணம் எங்களது, என்றது மேட்டுத்தெரு.
உபயம் யாரென்று போடுவீர்கள், என்றது
அரிசி கொடுத்த ஆலை.
மூன்று தடவை டீ வந்தது.
மிஷின்காரனுக்குப் பள்ளிப்பட்டுக் கடைசி பஸ்
ஆறு நாற்பதுக்கு.
"எண்ணை மட்டும் போடுப்பா,
அவங்கவங்க பாஷையில படிச்சுக்கட்டும்."
ஏழு, ஐந்து.
முந்நூற்று நாலு முறை.

அன்றைக்குக் கொடி ஏறியது.
பொங்கல் லேசாக அடிப்பிடித்தது.
மறுநாள் மழையில்
தோரணக் காகிதத்தின் மூன்று நிறமும் கரைந்து
ரோடு நிறமாகிவிட்டது.

பிறகு நடந்ததெல்லாம் நோட்டில் இருக்கிறது.
ஆவணி 20, இந்திராணி மகள் கல்யாணம்,
தட்டு 150, திரும்பியது 150.
புரட்டாசி 3, கோதண்டன் காரியம், அண்டா 1.
மிலாடி நபி, அண்டா 4,
திரும்பியது 4, ஒன்றுக்குள் எனக்கொரு டிபன் பாக்ஸ்.
வாடகை கிடையாது.
கொண்டுபோனதைவிடப் பளிச்சென்று
கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
மேட்டுத்தெருவிலிருந்து ஒருவர் வந்தார்.
பெயர் வேண்டாம், எங்களுக்குப் பெண் கொடுத்த வீடு.
"காலனிக்குப் போற தட்டுக்கு
அடியில ஒரு புள்ளி வச்சிடேன்" என்றார்,
உப்பு கேட்கிற மாதிரி.
அலமாரியைத் திறந்து காட்டினேன்.
எல்லாம் ஒரே எண்.
எது எங்கே போய் யார் சாப்பிட்டு வந்ததென்று
எனக்கே தெரியாது மாமா.
நின்றார். தண்ணீர் கேட்டார்.
கொடுத்தேன், குடிக்காமல் போனார்.
அவர் பேரனின் பெயர் சூட்டலுக்கு
வேலூரிலிருந்து இலை வந்தது.

கார்த்திகையில் ஆந்திரப் பக்கம் அணை திறந்தார்கள்.
கொசஸ்தலை தறிக்கூடத்துக்குள் வந்தது.
பள்ளிக்கூட மாடியில் மூன்று அண்டா கொதித்தது.
நாலாவது அண்டாவில்
ஜரீனாவின் ஒன்பது நாள் குழந்தை வந்து சேர்ந்தது,
இரண்டு தறிக்காரப் பையன்கள் நீந்தித் தள்ள,
விளக்குக் கம்பத்தில் ஒரு இடி வாங்கிக்கொண்டு.
அந்த மூன்று நாள்
மேட்டுத்தெருவும் மாடியில்தான்.
இலைக்கு எங்கே போவது.
நோட்டில் எழுதினேன்:
அண்டா 1, நெளிவுடன். அபராதம் இல்லை.

இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள்,
அது என்ன எழுபத்தஞ்சு, விலையா?
ஒருத்தி தயாரித்த வருஷம் என்கிறாள்.
நான் சொல்கிறேன், சிலசமயம்.
சோறு ஆறிவிடும் என்றால் சொல்வதில்லை.

போன மாதம் புத்தூர் பஸ் கண்டக்டர்
ஒரு தட்டை நீட்டி "இதி எவரிதி?" என்றார்.
யாரோ ஒரு ஓட்டலில் கொடுத்து அனுப்பினார்களாம்.
இரண்டு வருஷம் அங்கே என்ன பரிமாறினார்களோ,
ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது.

இன்றைய இருப்பு: அண்டா 4, தட்டு 299.
ருக்மாங்கதன் காணவில்லை என்று எழுதச் சொல்கிறார்.
நான் எழுதவில்லை.
யாரோ இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.